யாரும் கேட்காத பாட்டு

"நீ பயப்படாத. நல்லா வாசிச்சிடுவாங்க," என்று மனைவியின் கையைப் பிடித்துக்கொண்டார் பஸ் டிரைவர்.

"நான் எங்க பயந்தேன்? உங்க கைதான் ஜில்லுன்னு கிடக்கு."

பக்கத்து நாற்காலியில் இருந்த பத்திரிகை நிருபர் அவர்களைத் திரும்பிப் பார்த்தாள். பிற்பகல் மூன்று மணிக் கச்சேரி. பன்னிரண்டு வருடங்களுக்கு முன் சண்டை போட்டுப் பிரிந்த நான்கு பேர் கொண்ட ராக் குழு, இன்று மறுபடி மேடையேறுகிறது. கூட்டம் முழுக்க ஜீன்ஸ் போட்ட பழைய ரசிகர்கள். இந்த இருவர் மட்டும் பரீட்சை முடிவு பார்க்க வந்தவர்கள் மாதிரி நுனியில் உட்கார்ந்திருந்தார்கள். நான்கு கண்களும் சிவந்திருந்தன.

பாடகர் மைக்கைப் பிடித்தார். "இன்னிக்கு நல்லா வந்துச்சுன்னா நாளைக்கே கிளம்பி ஊர் ஊரா வாசிக்கப் போறோம். சொதப்பிட்டா, பழையபடி இன்னும் ஆறு மாசம் ஒத்திகைதான்."

அரங்கம் சிரித்தது. டிரைவரும் மனைவியும் சிரிக்கவில்லை.

பழைய பாட்டுகள் நான்கும் தடங்கலில்லாமல் போயின. ஒவ்வொன்று முடிந்ததும் அந்த அம்மாள் நீளமாக மூச்சு விட்டாள்.

"அடுத்தது புதுசு. இதுவரைக்கும் வெளியில யாருமே கேட்டதில்ல," என்றார் பாடகர்.

முதல் சரணம் முடிந்தது. இரண்டாவதைத் தொடங்க வாயைத் திறந்த பாடகர் அப்படியே நின்றுவிட்டார். வரி மறந்துபோய்விட்டது. கிட்டார்காரர் திரும்பி முறைத்தார். டிரம்மர் அதே தாளத்தையே திரும்பத் திரும்ப அடித்துச் சமாளித்தார். கூட்டத்தில் முணுமுணுப்பு எழுந்தது.

டிரைவர் நெற்றியில் கை வைத்தார். "போச்சு. எல்லாம் போச்சு."

அவர் மனைவி விருட்டென்று எழுந்தாள். தொண்டை கிழியக் கத்தினாள். "மழை விட்டாலும் நான் குடையை மடக்கல!"

பாடகர் திகைத்துப் பார்த்தார். மறுகணம் அந்த வரியைப் பிடித்துக்கொண்டு பாட ஆரம்பித்தார். பாட்டு முடியும்வரை அவள் உட்காரவில்லை. ஒரு சொல் விடாமல் அவள் உதடுகளும் அசைந்தன. டிரைவரின் விரல்கள் முழங்காலில் டிரம்மருக்கு முன்னாலேயே தாளம் போட்டன.

கடைசிப் பாட்டுக்கு அரங்கமே எழுந்து நின்றது. பாடகர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"நாளைக்குக் கிளம்பறோம். ஒரு வருஷத்துக்கு இந்த ஊர்ப் பக்கமே வரமாட்டோம்."

ரசிகர்கள் 'ஐயோ' என்றார்கள். அந்த அம்மாளோ இரண்டு கைகளாலும் முகத்தைப் பொத்திக்கொண்டு குலுங்கினாள்.

இப்படி ஒரு பாசத்தை நிருபர் எந்தக் கச்சேரியிலும் பார்த்ததில்லை. குறிப்பேட்டைத் திறந்துகொண்டு கேட்டாள். "அக்கா, அவங்க மேல உங்களுக்கு இவ்வளவு பிரியமா? யாருமே கேக்காத பாட்டு உங்களுக்கு மட்டும் எப்படித் தெரியும்?"

"மெதுவாப் பேசும்மா," என்று உதட்டில் விரல் வைத்தாள் அவள். அத்தனை கைதட்டலுக்கு நடுவிலும் டிரைவர் அவள் தோளில் சாய்ந்து குறட்டை விட்டுக்கொண்டிருந்தார்.

"எட்டு மாசமா ராத்திரியெல்லாம் அவங்க ஒத்திகை பாக்கறது எங்க தலைக்கு நேர் மேல, மாடி வீட்டுல. விடிகாலை நாலு மணிக்கு வண்டி எடுக்கற மனுஷன், இன்னிக்குத்தான் நிம்மதியாத் தூங்கறாரு."