பெரட்டுக்களத்தைத் தாண்டும்வரை

தேயிலைத் தோட்டத்துத் தொழிலாளர் காலையில் கூடும் பெரட்டுக்களம் வர இரண்டு வளைவு இருக்கும்போதே கந்தப்பன் சீட்டின் பக்கத்துப் பிடியை இழுத்தார்.

சீட் பின்னால் சாய்ந்தது. அவரும் சாய்ந்தார்.

இருபத்தெட்டு வருஷம் தோட்டத்துக் கொழுந்து லொறி ஓட்டிய மனிதர். வலது கண்ணில் ஒப்பரேஷன் முடிந்து பஞ்சு ஒட்டியிருந்தது. ஒரு மாதம் ஸ்டியரிங்கைத் தொடக்கூடாது என்று டொக்டர் சொல்லிவிட்டார். இன்று பதுளையில் கிளினிக்.

மனைவி புஷ்பராணி பண்டாரவளையில் மகளின் காரை ஓட்டுவாள். இந்தக் காரில் மட்டும் அவளுடைய இடம் பின் சீட்.

புறப்படும்போது, பிரேக்கை முழுதாக மிதித்தாலும் முழங்கால் மடங்கியே இருக்கும்படி, அவள் டிரைவர் சீட்டை முன்னால் இழுத்துக்கொண்டாள். வீட்டுச் சுவரை யாரோ தள்ளி வைப்பதுபோல் அவர் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நிமிந்து உக்காருங்க. பெல்ட்டு கழுத்துக்கு வந்திருச்சு. பிரேக் புடிச்சா கீழ வழுக்கிருவீங்க."

"பெரட்டு தாண்டட்டும் புள்ள. பொண்டாட்டி ஓட்ட, நான் பக்கத்துல குந்திக்கிட்டுப் போறத நூறு பேரு பாக்கணுமா?"

களம் ரோட்டுக்கு மேலே மேட்டில் இருந்தது. லொறியின் உயரத்திலிருந்தே உலகத்தைப் பார்த்துப் பழகியவருக்கு, மேலே நிற்பவர்களுக்குக் காரின் முன்கண்ணாடி வழியே உள்ளே எல்லாம் தெரியும் என்று தோன்றவில்லை.

சரியாகக் களத்துக்குக் கீழே ஒரு மாடு குறுக்கே வந்தது. புஷ்பராணி பிரேக் பிடித்தாள்.

அவர் வழுக்கினார். பெல்ட் தாடைக்கு ஏறியது. வாய் பிளந்தது. வெட்கத்தில் நல்ல கண்ணையும் மூடிக்கொண்டார்.

அடுத்த வளைவில் அவள் வண்டியை ஓரமாக நிறுத்தினாள். சீட் நிமிர்ந்த பிறகுதான் மறுபடி எடுத்தாள்.

கிளினிக்கில் அணைத்த போனை இருவருமே திரும்பப் போடவில்லை.

பின்னேரம் திரும்பும்போது, அதே வளைவில் அவர் கை மெல்லப் பிடிக்குப் போனது. அவள் வேகத்தைக் குறைத்தாள். கை திரும்பி மடிக்கு வந்தது.

நிமிர்ந்து இருந்ததால் சாவு வீட்டு வெள்ளைக்கொடிகளை முதலில் கண்டது அவர்தான். லயத்து வீட்டு வரிசையின் முனையிலிருந்து அவர் வாசல்வரை கட்டியிருந்தார்கள்.

"யாரு போனது? காலையில ஒரு சத்தமும் இல்லையே."

தப்புமேளச் சத்தம் பாதியில் நின்றது.

பக்கத்துக் காம்பரா வீட்டு நல்லம்மா, அவிழ்த்த கூந்தலோடு காரை நெருங்கி வந்தாள். கந்தப்பனை ஒருதரம் பார்த்தாள். பிறகு கூந்தலை அள்ளி முடிந்துகொண்டு, புஷ்பராணியிடம் மட்டும் பேசினாள்.

"மேலேருந்து பாத்தோம்க்கா. வாயப் பொளந்து கெடந்தாரு. அப்பவும் நான் மயக்கமா இருக்கும்னுதான் சொன்னேன். 'உசிரோட இருந்தா கந்தப்பன் பொண்டாட்டி கையில வண்டியக் குடுப்பானா'ன்னு கங்காணி கேட்டாரு. அதுக்கப்புறம்தான் கொடி கட்டுனோம்."