தொண்டை கட்டிய ராணி

கழுத்துல கம்பளித் துணியைச் சுத்திக்கிட்டு வந்து நின்னா பிரியான். தொண்டையைத் தொட்டுக் காட்டி, கையை விரிச்சா. குரல் போச்சாம்.

எனக்குப் பத்திக்கிட்டு வந்துச்சு. எங்க கம்யூனிட்டி காலேஜ் நாடகத்துக்கு அன்னிக்கு மதியந்தான் கடைசிக் காட்சி. மேடை நிர்வாகம் என் பொறுப்பு. ராணி வேஷம் கட்டுறவளே இப்படி வந்து நின்னா?

“நேத்து ஐஸ்கிரீமை வழிச்சு வழிச்சுத் தின்னியே, அப்பத் தெரியலையாடி?”

பதிலுக்கு லூர்தஸைக் கை காட்டினா.

லூர்தஸ் பணிப்பெண் வேஷம். தட்டோட வந்து, ‘தேநீர் ஆறுது, ராணி’ன்னு சொல்லிட்டுப் போகணும். அவ்வளவுதான். ஆனா ராணிக்கு மாத்து ஆளும் அவதான். மொத்த வசனமும் தலைகீழா ஒப்பிப்பா. ஒரு தடவைகூட மேடையில சொன்னதில்ல.

லூர்தஸ் என் கையைப் பிடிச்சுக்கிட்டா. “ரோண்டா, இன்னிக்கா? எங்கப்பா வந்திருக்காரு.”

அது எல்லாருக்கும் தெரியும். அவ அப்பா மெதெய்ரோஸ், மாட்டுப் பண்ணைக்காரர். காலைக் கறவைக்கும் சாயங்காலக் கறவைக்கும் நடுவுல, மதியக் காட்சிக்குத்தான் வர முடியும். போன வாரம் ஒப்பனை அறை வாசல்ல எங்க எல்லார் முன்னாடியும் சொல்லிட்டுப் போனாரு: “தட்டைத் தூக்கத்தான் நாடகப் படிப்பா? ஒரு தடவை வந்து பார்க்கிறேன். அடுத்த டெர்ம் நீ நர்சிங்தான்.”

“பொறுப்பத்தவளே, போய்க் கடைசி வரிசையில உட்காரு. என் கண்ணுலயே படாதே”ன்னு பிரியானை விரட்டினேன். தட்டைத் தூக்க, உடுப்பு தைக்கிற பொண்ணைப் பிடிச்சு நிறுத்தினேன்.

எங்க நாடகப் பிரிவுல ஒரு வழக்கம். எத்தனை நிமிஷம் இருக்குன்னு நான் கூவினா, கேட்டவங்க அந்தக் கணக்கைத் திருப்பிச் சொல்லி நன்றி சொல்லணும். முதல் வாரத்துலயே நாக்குல ஒட்டிக்கும்.

“அஞ்சு நிமிஷம்.”

“நன்றி, அஞ்சு.” லூர்தஸ் கிரீடத்தை மாட்டிக்கிட்டே சொன்னா.

திரை விலகுச்சு.

முதல் வசனத்துலயே எனக்கு உடம்பு சிலிர்த்துப் போச்சு. மாட்டுக்கு வைக்கோல் போடுற பொண்ணைக் காணோம். பிள்ளையைச் சாகக் கொடுத்த ராணி நின்னா. கத்தலை, அழலை, மெதுவாத்தான் பேசினா. அடுத்த விளக்கைப் போடச் சொல்ல மறந்துட்டு நானே வாயைப் பிளந்துக்கிட்டு நின்னேன். அரங்கத்துல ஒரு இருமல்கூட இல்ல. இவ்வளவையும் இவ எங்க வச்சிருந்தா?

முடிஞ்சதும் எல்லாரும் எழுந்து நின்னு கை தட்டினாங்க. மெதெய்ரோஸ் மட்டும் எழுந்திருக்கல. தொப்பியை மடியில வச்சுக்கிட்டு மேடையையே பார்த்துக்கிட்டிருந்தாரு.

லூர்தஸ் கிரீடத்தோட ஓடி வந்தா. “அப்பா, கறவை நேரம் தாண்டிடுச்சு. மாடெல்லாம் கத்தும்.”

“கத்தட்டும்.” கண்ணைத் துடைச்சுக்கிட்டாரு. “அடுத்த நாடகம் எப்பம்மா?”

எனக்கும் கண்ணு கலங்கிடுச்சு. ஆனா வேலை கிடக்கே. கடைசிக் காட்சி முடிஞ்ச கையோட மேடை செட்டைப் பிரிக்கணும். அரங்கத்தைப் பார்த்துக் கூவினேன்.

“பத்து நிமிஷம். செட்டைப் பிரிக்கிறோம்.”

“நன்றி, பத்து!”

கடைசி வரிசையிலேருந்து, கணீர்னு.

திரும்பிப் பார்த்தேன். பிரியான் கம்பளித் துணியால வாயைப் பொத்திக்கிட்டிருந்தா.