தேனீ வளர்ப்பில் நூற்றுக்கு நூறு

பெண் பார்க்க வருகிறவர்கள் இப்போதெல்லாம் ஜாதகம் கேட்பதில்லை. இலவச ஆன்லைன் படிப்புகளின் பட்டியலைத்தான் கேட்கிறார்கள். ஓவியாவின் பட்டியலை அவள் அப்பா தினேஷ் பெருமையோடு சுவர்த்திரையில் ஓடவிட்டார். உலகத்தின் எல்லா மூலைகளிலிருந்தும் தொண்ணூற்றேழு படிப்புகள், எல்லாமே முடித்தவை. மாப்பிள்ளை நிலவனின் பட்டியலில் தேனீ வளர்ப்பு உட்பட முந்நூறு இருந்தன. ஒன்றுகூட இரண்டாவது வாரத்தைத் தாண்டவில்லை.

"கல்யாணத்தையும் ரெண்டாவது வாரத்துல விட்டுட்டா என்னங்க பண்றது?" என்றார் தினேஷ்.

நிலவனின் அம்மா சோபனா ஓவியாவிடம் திரும்பினாள். ஒரு காலத்தில் பெண்ணைப் பாடச் சொல்வார்களாம். இப்போது பட்டியலிலிருந்து ஒரு கேள்வி கேட்பது வழக்கம்.

"தேனீ வளர்ப்புல நூத்துக்கு நூறு வாங்கியிருக்கியேம்மா. ராணித் தேனீ எத்தனை வருஷம் உயிரோட இருக்கும்?"

ஓவியா காபித் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். தினேஷுக்குப் பொறுக்கவில்லை.

"ரெண்டுலேர்ந்து அஞ்சு வருஷம்! ஏழாவது வாரத்துல வருது!" என்று கத்திவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டார்.

"எல்லாப் பரீட்சையும் அப்பா எழுதினதுதான், ஆன்ட்டி," என்றாள் ஓவியா.

"அதுக்கென்ன, இவன் பேர்ல சேர்ந்ததெல்லாம் நான்தான்," என்று சிரித்தாள் சோபனா.

தினேஷுக்குத் தெம்பு வந்துவிட்டது. "அப்போ தேனீ வளர்ப்பை ஏங்க பாதியில விட்டீங்க?"

"பெட்டி வாங்கி மொட்டை மாடியில வச்சேன். முதல்ல நல்லா கொட்டுச்சு. அப்புறம் தேன் எடுக்கவே நேரம் சரியாப் போச்சு."

நூற்றுக்கு நூறு வாங்கியவர் நாற்காலியைக் கிட்டே இழுத்துப் போட்டுக்கொண்டு தாழ்ந்த குரலில் கேட்டார்:

"கொட்டினா ரொம்ப வலிக்குமாங்க?"