பூட்டு மாற்ற வந்தவன்

"இந்தப் பூட்டைக் கழட்டிட்டுப் புதுசு போட எவ்வளவு நேரம் ஆகும், தம்பி?"

படியேறி வந்த மூச்சிரைப்பு அடங்காமலே கேட்டார் வீட்டுக்காரர். வீட்டை வாங்கி, நேற்றுத்தான் கீழே குடிவந்திருந்தார். மாடிக்கு ஏறியது இதுவே முதல் முறை.

பூட்டுக்காரன் கருவிப் பையைத் தரையில் வைத்தான். கதவையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தான்.

"அரை மணி போதும் சார். உள்ள குடியிருக்கிறவங்க?"

"ஒரு அண்ணன், தங்கச்சி. பழைய ஓனர் வெச்ச ஆளுங்க. அவன் வேலைக்கு, அவ காலேஜுக்குப் போயிருப்பாங்க. வர்றதுக்குள்ள சாமானையெல்லாம் எடுத்து வெளிய வெச்சுடணும்."

"அவங்ககிட்ட சொல்லிட்டீங்களா?"

"சொன்னா மல்லுக்கு நிப்பாங்க. அப்பா அம்மா இல்லாத பசங்களாம். கேக்க நாதி இல்ல. கொஞ்சம் முணுமுணுத்துட்டு அடங்கிடுவாங்க."

பூட்டுக்காரன் குனிந்து பையில் எதையோ தேடினான்.

"ராத்திரிக்கு எங்க சார் போவாங்க?"

வீட்டுக்காரர் கைப்பிடிச் சுவரில் சாய்ந்தார். "எனக்கு மட்டும் ஆசையா? என் பொண்ணு கைக்குழந்தையோட வந்து நிக்கிறா. கீழ எங்களுக்கே இடம் பத்தல."

"புரியுது சார். ஆனா வீடு கை மாறினாலும் அவங்க அக்ரிமென்ட் செல்லும். கோர்ட் உத்தரவு இல்லாம பூட்டை மாத்தினா கேஸ் உங்க மேலதான் வரும். என் மேலயும் சேர்த்து."

"இதெல்லாம் உனக்கு யாரு சொன்னது?"

"சட்ட உதவி மையத்துல சார். போன வாரம் போய்க் கேட்டேன். ஒரு பைசா வாங்கல."

கீழே குழந்தை அழத் தொடங்கியது. அதை யாரோ கொஞ்சிக் கொஞ்சி அடக்குவதை வீட்டுக்காரர் எட்டிப் பார்த்தார்.

"அப்ப நான் என்னதான் பண்றது?"

"முறையா நோட்டீஸ் குடுங்க. வேற இடம் பாக்க டைம் குடுங்க. உக்காந்து பேசினா யாரும் முரண்டு பிடிக்க மாட்டாங்க."

அவர் நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். "சரி, பூட்டை விடு. பேசியே பாக்குறேன். அந்தப் பையன் எப்ப வருவானோ?"

பூட்டுக்காரன் சட்டைப் பையிலிருந்து ஒரு சாவியை எடுத்தான். பூட்டைத் திறந்து, கதவை அகலத் தள்ளினான்.

"வந்துட்டான் சார். உள்ள வாங்க, பேசுவோம்."