முட்டுக் கொடுத்த செருப்பு

மறுபடியும் மணி அடித்தது.

பின்னால் இருந்த அறையில் ஆபரேட்டர், ஓடிக்கொண்டிருந்த ரீலில் ஒரு காகிதத் துண்டைச் செருகினார். அந்த இடமும் போயிற்று.

முன்வரிசையில் தணிக்கை அதிகாரி கண்ணைத் துடைத்துக்கொண்டார். சிரித்துச் சிரித்து வந்த கண்ணீர். நல்ல ரசிகர், பாவம். என் தலைவலியே அதுதான்.

எங்கள் நாட்டில் சட்டம் ரொம்ப எளிது. இந்த அறையில் யாருக்குச் சிரிப்பு வந்தாலும், அந்தக் காட்சியில் ஏதோ விஷமம் இருக்கிறதென்று அர்த்தம். அதிகாரி மணியை அழுத்துவார். காகிதம் எங்கே இருக்கிறதோ அங்கே கத்தரி விழும். முன்னே என்ன, பின்னே என்ன என்றெல்லாம் யாரும் பார்க்க மாட்டார்கள். நெகட்டிவையும் பிடுங்கிக்கொண்டு, பின்கட்டில் ஒரு தகர டிரம்மில் போட்டு எரித்துவிடுவார்கள்.

அழுகைக்குத் தடையில்லை. குடம் குடமாகக் கண்ணீர் விடலாம். அதனால்தான் இங்கே எடுக்கிற சிரிப்புப் படமெல்லாம் தியேட்டருக்குப் போய்ச் சேரும்போது சோகப் படமாகிவிடுகிறது.

என் படம் பாதி சிரிப்பு, பாதி அழுகை. வேலை போனதை வீட்டில் சொல்லாமல், தினமும் காலையில் தலைசீவிக் கிளம்புகிற ஒருவனின் கதை. இடைவேளைக்குள்ளேயே சிரிப்பில் முக்கால்வாசி காலி. போகட்டும் என்று கல்லாக உட்கார்ந்திருந்தேன்.

எனக்கு வேண்டியது ஒரே ஒரு காட்சி.

நேர்முகத் தேர்வுக்கு வந்திருக்கும் இன்னொரு ஆளாக நடிக்க வேண்டியவர் அன்று வரவில்லை. எனக்குச் சாப்பாடு கொண்டுவந்த அண்ணனைப் பிடித்து நிறுத்தினேன். பஸ் டிப்போவில் மெக்கானிக். கேமராவை அதற்கு முன் கிட்டத்தில்கூடப் பார்த்ததில்லை. ஒரே டேக்கில் முடித்துவிட்டு, டிபன் கேரியரை எடுத்துக்கொண்டு டியூட்டிக்குப் போய்விட்டான்.

படம் முடிவதற்குள் அவனே போய்விட்டான். நெஞ்சுவலி என்று உட்கார்ந்தவன் எழுந்திருக்கவில்லை.

வீட்டில் போட்டோக்கள் இருக்கின்றன. எல்லாவற்றிலும் விறைத்துப்போய் நிற்கிறான். அவன் நடப்பதும் திரும்புவதும் இருக்கிற ஒரே இடம் இந்த ரீல்தான்.

பக்கத்தில் அம்மா. அவன் போனதிலிருந்து சுவரைப் பார்த்தபடி உட்கார்ந்திருப்பவள், அவன் நடக்கிறதை ஒரு தடவை பார்த்துவிடுகிறேன் என்று தானாகக் கிளம்பி வந்தாள். என்ன ஆனாலும் சிரித்துவிடாதே என்று வாசலிலேயே கெஞ்சியிருந்தேன்.

"எனக்கு இனிமே எங்கேப்பா சிரிப்பு வரப்போகுது?" என்றாள்.

அண்ணன் திரையில் வந்தான்.

மேனேஜருக்கு எதிரே உட்கார்ந்தான். நாற்காலிக்கு ஒரு கால் குட்டை. சரிந்தது. முகத்தில் ஒன்றும் காட்டிக்கொள்ளாமல் செருப்பைக் கழற்றி, காலாலேயே தள்ளி, அந்தக் குட்டைக் காலுக்கு முட்டுக் கொடுத்தான். உலகத்தில் உள்ள அத்தனை வேலைக்கும் தகுதியானவன்போல நிமிர்ந்து உட்கார்ந்தான்.

அவனைப் பார்த்துச் சிரிக்காத ஆளை நான் கண்டதில்லை. அண்ணா, இன்றைக்கு ஒருநாள் சொதப்பிவிடேன் என்று மனதுக்குள் கும்பிட்டேன்.

அதிகாரி அவசரமாகக் கைக்குட்டையை எடுத்து வாயில் வைத்துக்கொண்டார். இருமினார். இருமல்தானா?

மணி அடிக்கவில்லை.

திரையில் மேனேஜர், போய்விட்டு நாளைக்கு வா என்றார். அண்ணன் எழுந்தான். செருப்பை எடுத்தால் நாற்காலி சரியும், குட்டு வெளிப்பட்டுவிடும். அப்படியே விட்டுவிட்டு, ஒரு காலில் செருப்பும் ஒரு கால் வெறுமையுமாக, ராஜா மாதிரி கதவை நோக்கி நடந்தான்.

அந்த நடை நான் சொல்லிக்கொடுத்ததல்ல. சின்ன வயதில் செருப்பைத் தொலைத்துவிட்டு வந்து, அம்மா அடிக்கக் கை ஓங்கும்போதெல்லாம் அவன் நடந்துகாட்டுகிற நடை.

அம்மாவின் தோள் குலுங்கியது.

அழுகிறாள். எனக்கு உயிர் வந்தது. அழட்டும், அழுகைக்குத் தடையில்லையே.

அப்புறம்தான் சத்தம் கேட்டது.

வாயைப் பொத்தக் கையைத் தூக்கினேன். எத்தனை மாதமாயிற்று இந்தச் சத்தத்தைக் கேட்டு. தூக்கிய கை அந்தரத்தில் நின்றது. பொத்தினால் அம்மா போய்விடுவாள். பொத்தாவிட்டால் அண்ணன் போய்விடுவான். ஒன்றும் செய்யத் தெரியாமல் கையை மடியில் போட்டுக்கொண்டேன்.

அதிகாரி திரும்பி அம்மாவைப் பார்த்தார். அவர் விரல் மணியின் மேல் இருந்தது.

அம்மா புடவைத் தலைப்பைக் கடித்துக்கொண்டு சிரித்தாள். அடங்கி, மறுபடி பொங்கி, மூச்சு வாங்கி, கடைசியில் விக்கலாகி ஓய்ந்தாள். அதுவரை அந்த விரல் அசையவில்லை.

பிறகு அவர் முன்னால் திரும்பி, திரையை ஒரு தடவை பார்த்துவிட்டு, மணியை அழுத்தினார். ஆபரேட்டர் காகிதத்தைச் செருகினார்.

அண்ணன் கதவைச் சாத்திக்கொண்டு எப்போதோ வெளியே போயிருந்தான்.

அன்றைக்குச் சாயங்காலம் டிரம்மில் எரிந்தது ஒரு காலி நாற்காலியும், அதற்கு முட்டுக் கொடுத்திருந்த ஒற்றைச் செருப்பும்தான்.