இரண்டு தகரக் கதவுகள்

பட்டறையில் கொழுந்தன் என் பழைய காருக்குப் பின்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்து விசிறிக் கூண்டைக் கழற்றிக்கொண்டிருந்தான். மணி பன்னிரண்டு இருபது.

இரண்டு மணிக்கு நான் மலைக்கு அந்தப் பக்கம், ஆஸ்பத்திரி மருந்து கவுண்டரில் நிற்க வேண்டும். இந்த மாதத்தில் நான்கு நாள் நிற்கவில்லை. ஐந்தாவது நாளும் நிற்காவிட்டால் அப்புறம் வரவே வேண்டாம் என்று மேலாளர் சொல்லிவிட்டார். சத்தம் போட்டிருந்தால்கூடத் தேவலை. மெதுவாகச் சொன்னார்.

மழை தூறினால் வண்டி தட்டுத்தடுமாறி மலையேறிவிடும். வெயில் அடித்தால் நாலாவது வளைவோடு சரி. கருகிய எண்ணெய் வாடை வரும், சிவப்பு விளக்கு எரியும், அதற்குமேல் இழுக்காது. ஓரம் கட்டி ஆறவிட்டு, உருட்டிக்கொண்டே இறங்கி வருவேன். கடைக்கும் பேங்க்குக்கும் போகும்போது மட்டும் நல்ல பிள்ளை.

ஓரம் கட்டி நிற்கும்போதெல்லாம் யாராவது பாட்டிலோடு வந்து தண்ணீர் ஊற்றச் சொல்வார்கள். இந்த வண்டியில் தண்ணீர் ஊற்ற இடமே கிடையாது என்றால் என்னை ஏற இறங்கப் பார்ப்பார்கள்.

பின்பக்கத்து இஞ்சினைக் குளிரவைக்க இதற்கு எல்லாமே காற்றுதான். விசிறி காற்றை இழுத்துக் கூண்டுக்குள் தள்ளும். கூண்டு அதைச் சிதறவிடாமல் சிலிண்டர்கள் மேல் இறக்கும். கூண்டுக்கு அடியில் இரண்டு தகரக் கதவுகள். இஞ்சின் குளிர்ந்து கிடக்கும்போது மூடியிருக்கும், சூடு ஏற ஏறத் தானாகத் திறந்துகொள்ளும்.

இதையெல்லாம் எனக்குச் சொல்லிக்கொடுத்தது என் வீட்டுக்காரர். இந்தப் பட்டறையே அவருடையதுதான். போன வருஷம் ஒரு விசிறி பெல்ட் வலது கையில் இரண்டு விரலைக் கொண்டுபோனது. அதிலிருந்து பட்டறையைத் தம்பியிடம் விட்டுவிட்டு வீட்டோடு இருக்கிறார். எனக்கு ஓட்டக் கற்றுக்கொடுத்ததும் அவர்தான். மூன்று மாதத்துக்கு முன்னால் இந்த வேலைக்கு இடது கையால் விண்ணப்பம் எழுதிக்கொடுத்ததும் அவர்தான். இன்றைக்கும் நான் கிளம்புமுன் வண்டியின் பின்மூடியைத் திறந்து ஆயில் பார்க்காமல் விடமாட்டார்.

பாதியில் திரும்பி வரும் நாட்களில் ஒரு வார்த்தை கடிந்ததில்லை. நான் உள்ளே நுழையும்போதே இரண்டு தட்டு வைத்திருப்பார். கொண்டுபோன சாப்பாட்டையே பங்கு போட்டுக்கொள்வோம். இப்படி ஒரு மனுஷன் யாருக்குக் கிடைப்பான் என்று நினைத்துக்கொண்டே சாப்பிடுவேன்.

எனக்கு கியர் மாற்றத் தெரியவில்லை என்பது கொழுந்தனின் தீர்ப்பு. பெல்ட்டைப் பார்ப்பான், ஆயிலைப் பார்ப்பான், அப்புறம் குற்றவாளியைப் பார்ப்பதுபோல என்னைப் பார்ப்பான். நானும் அதை நம்பித்தான் மூன்று மாதமாக என்னையே திட்டிக்கொண்டு மலை இறங்கினேன். இன்று ஏறுவதற்கு முன்பே பட்டறைக்கு வந்து, கெஞ்சாத குறையாகக் கேட்ட பிறகுதான் கூண்டில் கை வைத்தான்.

கூண்டு மேலே வந்தது. கொழுந்தன் டார்ச் அடித்துப் பார்த்தான். 

நானும் குனிந்தேன்.

கதவுகளைத் திறந்து மூடும் கம்பியில் ஒரு துணிக்கீற்று. கம்பி அசைய முடியாதபடி இறுக்கிச் சுற்றி முடிச்சுப் போட்டிருந்தது. இத்தனை நாளும் விசிறி தள்ளிய காற்றெல்லாம் மூடிய கதவில் முட்டிக்கொண்டு நின்றிருக்கிறது.

"எலி வேலையா இருக்கும், அண்ணி" என்றான் என் முகத்தைப் பார்க்காமல்.

எலி முடிச்சுப் போடுமா என்று நான் கேட்கவில்லை.

குறட்டால் இழுத்துப் பார்த்தான். இழுக்க இழுக்க முடிச்சு இறுகியது. எழுந்து கத்தியைத் தேடப் போனான்.

"வேணாம், நீ தள்ளு."

கையை உள்ளே விட்டேன். இஞ்சின் இன்னும் வெதுவெதுப்பாக இருந்தது. குட்டையான நுனியைத் தேடிப் பிடித்து இடது பக்கமாக ஒரே இழுப்பு. முடிச்சு பொலபொலவென்று அவிழ்ந்து கையோடு வந்தது. இரண்டு கதவுகளும் லேசாக வாய் திறந்தன.

கொழுந்தன் துணியையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தான்.  கூண்டைத் தூக்கி மாட்ட ஆரம்பித்தான். கியரைப் பற்றி எதுவும் சொல்லவில்லை.

கோபம் வரும் என்று காத்திருந்தேன். வரவில்லை. அலுப்புதான் வந்தது. அங்கேயே பழைய டயர் மேல் உட்கார்ந்து, அவன் கடைசி போல்ட்டை முடுக்கும்வரை அந்தத் துணியை மடிப்பதும் பிரிப்பதுமாக இருந்தேன். எங்கள் பழைய தலையணை உறைதான். வண்டி துடைக்க நான்தான் கிழித்து வைத்திருந்தேன்.

மணி பன்னிரண்டு ஐம்பது. மலையைத் தாண்ட ஒரு மணி நேரம் போதும்.

முன் சீட்டில் சாப்பாட்டுப் பை இருந்தது. காலையில் அவர் கட்டிக்கொடுத்தது. இரண்டு விரல் போன அந்தக் கையால் அவருக்கு ஒரே ஒரு முடிச்சுதான் வரும். அதைப் பிரிக்கவும் ஒரே வழிதான். குட்டை நுனி, இடது பக்கம்.

பட்டறை வாசலில் வலது பக்கம் வீடு, இடது பக்கம் மலை. இடது பக்கம் திருப்பினேன்.

நாலாவது வளைவு வந்தது. விளக்கு எரியவில்லை. ஐந்தாவதும் வந்தது. வெயில் கொளுத்திக்கொண்டிருந்தது, வண்டி பாட்டுக்கு ஏறிக்கொண்டிருந்தது.

மணி ஒன்றைத் தாண்டியிருந்தது. வீட்டில் இந்நேரம் இரண்டு தட்டு வைத்திருப்பார்.