விசாரிக்க வந்தவர்

எதிர்வீட்டுக் குணாளன் என் மனைவி தமயந்திக்குச் செய்ததை அன்றைய சட்டம் வன்புணர்வாகக் கருதவில்லை. அவன் பயன்படுத்தியது கம்பி. மானபங்கம் என்று சொல்லி இரண்டு வருடம் கொடுத்தார்கள். தீர்ப்பு வந்த வாரமே அவள் தூக்குப் போட்டுக்கொண்டாள். பிறகு சட்டம் மாறியது. கம்பியும் வன்புணர்வுதான் என்றது. பழைய குற்றத்துக்கு அது செல்லாது என்றார் வக்கீல்.

இன்று, தண்டனை முடிந்து வந்துவிட்ட குணாளனுக்குப் பெண் கொடுக்க நினைக்கும் ஒருவர், அக்கம்பக்கத்தில் விசாரிக்கும் வழக்கப்படி என் வீட்டுப் படியேறினார்.

"மாப்பிள்ளை எப்படி தம்பி? ஏதோ சின்ன கேஸுன்னு தரகர் சொன்னார்."

குணாளன் தன் வாசலில் நின்று என்னைப் பார்த்துக் கைகூப்பினான்.

"அப்ப சின்ன கேஸுதாங்க. இப்ப அதுக்குப் பேர் வேற. உட்காருங்க, சொல்றேன்" என்றேன். அவனுக்கும் கேட்கட்டும் என்று கதவை அகலத் திறந்தேன்.